அரைக்கடத்தி அல்ல, குறைக்கடத்தி

சிலிக்கான் கார்பைடு பற்றி ஓர் இதழுக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்தேன். மின்சாரக் காரின் பேட்டரியிலிருந்து வரும் நேர்திசை மின்னோட்டத்தை மோட்டாருக்கு வேண்டிய மாறுதிசை மின்னோட்டமாக்குவது இன்வெர்ட்டர். அதில் சிலிக்கானுக்குப் பதில் இந்தப் பொருள் எப்படி வந்து உட்கார்ந்தது என்பதுதான் விஷயம். மெய்ப்பு வந்தது. பார்த்தால், செமிகண்டக்டர் என்பதற்கு, அதாவது சிலிக்கான் போல உலோகத்தைவிட மிகக் குறைவாக மின்சாரம் கடத்தும் பொருளுக்கு, நான் எழுதிய 'குறைக்கடத்தி' பதினோரு இடத்திலும் 'அரைக்கடத்தி' ஆகியிருந்தது. கேட்டதற்கு, "செமி என்றால் அரைதானே சார்?" என்றார் மெய்ப்புத் திருத்திய தம்பி.

இதே கேள்வியை எத்தனை பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள்! இந்த முறை எழுதியே வைத்துவிடுகிறேன்.

செமிகண்டக்டர் என்பதில் 'செமி' லத்தீன், பாதி என்று பொருள். 'கண்டக்டர்' அதே மொழியின் 'கூட்டிச்செல்' என்ற வினையிலிருந்து வந்தது. 1782இல் இத்தாலிய இயற்பியலாளர் வோல்டா இந்தச் சொல்லை ஏறக்குறைய இதே வடிவில் கையாண்டிருக்கிறார். ஜெர்மானியர்கள் 'ஹால்ப்லைட்டர்' என்கிறார்கள், அதிலும் பாதிதான். இந்தியில் அர்தசாலக், மலையாளத்தில் அர்த்தசாலகம், கன்னடத்தில் அரெவாஹக. அக்கம்பக்கத்தில் எல்லோரும் பாதியைப் பிடித்துக்கொண்டிருக்க, தமிழ் மட்டும் 'குறை' என்றது. சரி, பிறப்புக் கதை அவ்வளவுதான்.

இப்போது கணக்குக்கு வருவோம். அறை வெப்பநிலையில் தூய சிலிக்கானின் மின்தடை எண், அதாவது மின்னோட்டத்தை அந்தப் பொருள் தடுக்கும் அளவு, செம்பினுடையதைவிடப் பல ஆயிரம் கோடி மடங்கு பெரியது. இதைப் போய் 'அரை' என்றால் என்ன அர்த்தம்? அரைப்படி அரிசி கேட்டவனுக்கு ஒரு நெல்மணியில் ஒட்டிய தூசியைக் கொடுத்த கதைதான். செம்புக்கும் கண்ணாடிக்கும் இடையே, பத்தின் அடுக்குகளாக எண்ணினால் சிலிக்கான் கிட்டத்தட்ட நடுவில் வருகிறதே என்று ஒரு நண்பர் மடக்கினார். வருகிறது, மறுக்கவில்லை. அப்படியானால் 'இடைக்கடத்தி' என்று சொல்லியிருக்க வேண்டும். நடுவில் இருப்பது வேறு, பாதி இருப்பது வேறு. திருச்சி சென்னைக்கும் மதுரைக்கும் நடுவில் இருக்கிறது என்பதால் அது அரைச்சென்னை ஆகிவிடாது.

இன்னொரு வாதமும் உண்டு. அரைத்தூக்கம், அரைமனது, அரைவேக்காடு என்றெல்லாம் சொல்கிறோமே, அங்கே அரை என்பது கச்சிதமான பாதியா? இல்லைதான். பேச்சில் அரைக்கு அந்தத் தளர்ச்சி உண்டு. ஆனால் இயற்பியல் பாடத்தில் கிடையாது. கதிரியக்கப் பாடத்தில் அரை ஆயுட்காலம் என்றால் அணுக்களில் சரிபாதி சிதைய ஆகும் காலம். மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் டையோடு பற்றிய பாடத்தில் அரை அலை திருத்தி என்றால் அலையின் ஒரு பாதியை மட்டும் விடுவது. அந்த டையோடு எதனால் ஆனது? நம் குறைக்கடத்தியால்தான். ஒரே பக்கத்தில் ஒரு அரை துல்லியமான பாதி, அடுத்த வரியில் இன்னொரு அரை 'ஏதோ கொஞ்சம்' என்றால், படிக்கும் பிள்ளை என்ன செய்யும்? செம்பில் பாதி கடத்தும் என்றுதான் எழுதி வைக்கும். எனக்கென்னவோ இந்தப் பழக்கம் விளையாட்டுப் பக்கத்திலிருந்து வந்தது என்று சந்தேகம். அரையிறுதி காதில் ஊறிப்போனவர்களுக்கு செமி என்று எதைக் கண்டாலும் கை அரைக்குப் போகிறது.

அளவு ஒருபுறம் இருக்கட்டும். இந்தப் பொருள்களின் உயிர்நாடி வேறு. சூடாக்கினால் உலோகத்தின் கடத்துதிறன் குறையும், இவற்றில் கூடும். 1833இல் வெள்ளி சல்பைடில் ஃபாரடே கண்டது இதைத்தான். பத்து லட்சம் சிலிக்கான் அணுவுக்கு ஒரு பாஸ்பரஸ் அணு என்று வேண்டுமென்றே கலந்து மாசூட்டினால் கடத்துதிறன் பல லட்சம் மடங்கு எகிறும். இப்படி எகிறுவதற்கு எங்கே அரை, எங்கே கால்?

புதிய ஆய்வுகளைப் பார்த்தால் அரை இன்னும் தள்ளாடுகிறது. எலக்ட்ரான் கட்டுண்டு கிடக்கும் இணைதிறன் பட்டையிலிருந்து, அது ஓடித்திரியும் கடத்தும் பட்டைக்குத் தாண்ட வேண்டிய ஆற்றல் பள்ளம் சிலிக்கானில் 1.1 எலக்ட்ரான் வோல்ட். சிலிக்கான் கார்பைடில் சுமார் 3.3, கைக்கடக்கமான போன் சார்ஜர்களில் இருக்கும் காலியம் நைட்ரைடில் 3.4. பள்ளம் அகலமானதால்தான் இவை உயர் மின்னழுத்தத்தையும் சூட்டையும் தாங்குகின்றன. வைரத்தில் அது 5.5. வைரம் மின்சாரத்தைக் கடத்தாது என்று பள்ளியில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். இன்று அதே வைரத்தில் போரான் கலந்து உயர் மின்னழுத்த டையோடுகள் செய்து பார்க்கிறார்கள். இயற்கை அதை முன்பே செய்திருக்கிறது: நீல வைரத்தின் நீலம் போரானால் வந்தது, அது மின்சாரத்தையும் கடத்தும். கடத்தாப்பொருள் என்று ஒதுக்கியது இந்த வரிசைக்கு வந்த பிறகு பாதிக்கணக்கு எப்படி நிற்கும்? குறை என்ற சொல் அசையாமல் நிற்கிறது. அது எவ்வளவு என்று வாக்குக் கொடுக்கவில்லையே.

குறைக்கும் குறை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழுது என்ற வாடை வருகிறது. 'கடத்தி' வேறு செய்தித்தாளில் தங்கம் கடத்துகிறவரை நினைவூட்டுகிறது. ஒற்று விஷயத்திலும் தகராறு. 'குறைகடத்தி' என்றும் எழுதுகிறார்கள். என் காதுக்கு அது குறைகளைச் சுமந்துபோய்ச் சேர்ப்பவர் என்று கேட்கிறது. குறைப்பிரசவம் போல க் போட்டால்தான் 'குறைவாகக் கடத்துவது' என்று பொருள் படும். இதற்கு நடுவே, சில்லுக்கே, அதாவது சிப்புக்கே, குறைக்கடத்தி என்று பெயர் வைக்கிறவர்கள் தனி ரகம். குறைக்கடத்தி பொருள், சில்லு அதில் செய்த பண்டம். தேக்கு மரத்தையும் நாற்காலியையும் ஒன்றாக்கலாமா?

இத்தனையும் தம்பியிடம் தொலைபேசியில் முக்கால் மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், "புரியுது சார், மாத்திடறேன்" என்றார். இதழ் வந்தது. பதினோரு இடத்திலும் 'செமிகண்டக்டர்'.