மஞ்சள் இலைக்கு எப்போதும் உரம் மருந்தல்ல

வீட்டுத் தோட்டக்காரர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. ஓர் இலையின் படம், அதன் கீழே "என்ன உரம் போடலாம்?" என்று ஒரு வரி. செடிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் குறைவு. சத்துக் குறைதான் என்று தாங்களே தீர்மானித்துவிட்டு, எந்தச் சத்து என்பதை மட்டும் என்னிடம் விட்டுவிடுகிறார்கள். பயிர் நோய்களைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: தொட்டிச் செடிகளின் இலை மஞ்சளாவதற்குப் பட்டினியைவிட அதிகத் தண்ணீரும் அதிக உரமும்தான் அடிக்கடி காரணமாக இருக்கின்றன. அந்தச் செடிக்கு இன்னும் ஒரு பிடி உரம் வைத்தால் நிலைமை எங்கே போகும் என்று விளக்கத் தேவையில்லை.

ஆகவே உரப்பையை ஓரமாக வைத்துவிட்டுச் செடியின் முன் சற்று நேரம் நிற்க வேண்டும். முதலில் கவனிக்க வேண்டியது இலையின் நிறத்தைக்கூட அல்ல, பாதிக்கப்பட்ட இலை எங்கே இருக்கிறது என்பதை. அடியிலிருக்கும் முதிர்ந்த இலையா, நுனியில் விரியும் கொழுந்தா?

தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம்பெயரக்கூடியவை. தட்டுப்பாடு வந்தால் செடி முதிர்ந்த இலைகளில் இருப்பதை உருவி இளந்தளிருக்கு அனுப்பிவிடும். எனவே இந்தக் குறைகள் கீழிருந்து மேலே ஏறும். இரும்பு, கால்சியம், போரான் போன்றவை ஓர் இலையில் சேர்ந்துவிட்டால் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுபவை. அவை குறைந்தால் அடியிலைகள் பசுமையாக இருக்க, கொழுந்து மட்டும் வெளிறும் அல்லது உருக்குலையும். இந்த ஒரு வேறுபாட்டை அறிந்துகொண்டாலே தவறான முடிவுகளில் பாதியைத் தவிர்த்துவிடலாம்.

அடியிலை நரம்பு உட்பட முழுவதும் ஒரே சீராக மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறை. நரம்புகள் பச்சையாகவே இருந்து இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சளித்தால் மெக்னீசியம். ஓரங்கள் காய்ந்து கருகினால் சாம்பல்சத்தைச் சந்தேகிக்கலாம். இலையின் அடிப்பக்கம் ஊதா நிறமாக மாறினால் மணிச்சத்து என்று சொல்வார்கள். ஆனால் மண் குளிர்ந்து கிடக்கும்போதும் நாற்றுகள் இப்படி ஊதா நிறம் காட்டும். மண்ணில் மணிச்சத்து இருக்கும், குளிரில் வேரால் அதை எடுக்க முடியாது. வெயில் வந்ததும் தானாகச் சரியாகிவிடும்.

தழைச்சத்துக் குறையில் ஒரு தனி வகை உண்டு. சரியாக மட்காத தென்னை நார்க்கழிவையோ மரத்தூளையோ மண்ணில் கலந்திருந்தால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் தங்கள் தேவைக்கு மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொண்டுவிடும். பச்சை நார்க்கழிவில் கார்பன், தழைச்சத்தைப் போல நூறு மடங்குக்கு மேல் இருக்கும். புதிதாகக் கலந்த மண்ணில் நட்ட செடி சில வாரங்களில் வெளிறினால், "நல்ல கலவைதானே போட்டேன்" என்று குழம்ப வேண்டாம், கலவைதான் காரணம். அதே நார்க்கழிவு கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு, அதற்குப் பதிலாகச் சாம்பல்சத்தையும் சோடியத்தையும் விடுவிக்கும் குணமும் கொண்டது. நன்றாகக் கழுவி, கால்சியம் ஏற்றிய கட்டிகளை வாங்கச் சொல்வது அதனால்தான்.

இனி தண்ணீருக்கு வருகிறேன். மண் ஈரமாக இருக்கும்போதே இலை துவள்வது வீட்டுத் தோட்டங்களில் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் அறிகுறி. துவண்டதும் மறுபடியும் ஒரு குவளை ஊற்றுகிறார்கள். வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். மண்ணின் இடைவெளிகளெல்லாம் நீரால் நிரம்பிவிட்டால் வேர் மூச்சுத் திணறி வேலையை நிறுத்திவிடும், பிறகு பித்தியம் போன்ற கிருமிகள் அதை அழுகச் செய்துவிடும். வேர் இல்லாத செடி, நீரின் நடுவில் நின்றாலும் தாகத்தால் துவளும். விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது இன்னும் நல்ல சோதனை. காய்ந்த தொட்டியின் எடையைக் கை சீக்கிரமே பழகிக்கொள்ளும். சந்தேகம் தீரவில்லை என்றால் செடியை மண்ணோடு மெல்லச் சாய்த்து எடுத்து வேரைப் பாருங்கள். நலமான வேர் வெளுப்பாகவும் உறுதியாகவும் இருக்கும். அழுகிய வேர் பழுப்பேறி, இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சும், நாற்றமும் வரும். இப்படிச் செடியைப் பிடுங்கிப் பார்க்கப் பலருக்கு மனம் வருவதில்லை. அவர்கள் பொறுமையாக இலைக்கே வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கும்போது கீழே வேர் போய்க்கொண்டிருக்கிறது.

இலை நுனியும் ஓரமும் மட்டும் காய்ந்து பழுப்பாகி, தொட்டியின் விளிம்பிலோ மண்ணின் மேலோ வெண்மையான படிவு தெரிந்தால், அது உப்புத் தேக்கம். வாரம் தவறாமல் திரவ உரம் ஊற்றுபவர்களின் செடிகளில் இதைப் பார்க்கலாம். தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, முழுவதும் அடித்துளை வழியாக வடியவிட வேண்டும். வடிந்த நீர் அடித்தட்டில் தேங்கி மறுபடி மேலே உறிஞ்சப்பட்டால் செய்த வேலை வீண்.

கொழுந்து வெளிறி, நரம்பு மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிவது இரும்புச்சத்துக் குறையின் தெளிவான அடையாளம். எலுமிச்சை, ரோஜா, செம்பருத்தி போன்றவற்றில் அதிகம் தெரியும். மண்ணில் இரும்பே இல்லாமல் போவது மிக அரிது. மண்ணின் கார அமில நிலை (pH) 7-ஐத் தாண்டியதும் இரும்பு கரையாத வடிவத்துக்குப் போய்விடுகிறது. உப்புத்தன்மையும் சுண்ணாம்பும் மிகுந்த நிலத்தடி நீரைத் தொடர்ந்து ஊற்றினால் தொட்டி மண் மெல்ல மெல்ல காரமாகும். இந்த மண்ணில் இரும்பு சல்பேட்டைத் தூவினால் அதுவும் விரைவில் கரையாத வடிவத்துக்கு மாறிவிடும். லிட்டருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட்டுடன் 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து மாலையில் இலைமேல் தெளித்தால் கொழுந்து பச்சையாகும். அது தற்காலிக உதவி மட்டுமே. இரும்பு கரையாமல் போகாதபடி பிடித்துவைக்கும் கீலேட் வடிவில் வாங்குவதானால் இ.டி.டி.ஏ. (EDTA) வகை கார அமில நிலை 6.5 வரைதான் தாக்குப்பிடிக்கும். கார மண்ணுக்கு இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகை வேண்டும். புட்டியின் மேல் "இரும்பு" என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

கால்சியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தக்காளிக் காயின் அடிப்பகுதி கறுத்துக் குழிந்தால் உடனே முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுகிறார்கள். முட்டை ஓடு கரைய மாதங்கள் ஆகும், காரமான மண்ணில் அநேகமாகக் கரையவே கரையாது. பெரும்பாலான தொட்டிகளில் கால்சியம் போதுமான அளவு இருக்கிறது. கால்சியம் நீரோட்டத்தோடுதான் பயணம் செய்யும், நீரை அதிகம் ஆவியாக்கும் இலைகளுக்கே முதலில் போகும். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றினால் காய்க்கு அது போய்ச் சேராது. தண்ணீரைச் சீராக்கினால் அடுத்து வரும் காய்கள் தெளிவாக இருக்கும். எப்சம் உப்பும் இப்படிச் சர்வரோக நிவாரணியாகிவிட்டது. அது மெக்னீசியம் சல்பேட். மெக்னீசியம் குறைந்த செடிக்கு உதவும். குறையில்லாத செடிக்கு ஊற்றிக்கொண்டே இருந்தால் கால்சியத்தோடு போட்டியிட்டு அதை வேருக்குள் வரவிடாமல் செய்யும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் இலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நியாயமாக அதை முதல் நிமிடத்திலேயே செய்திருக்க வேண்டும். இலையின் அடிப்பக்கம்தான் பூச்சிகளின் வீடு. மேற்புறத்தில் ஊசியால் குத்தியதுபோல வெளிர் புள்ளிகள் பரவி, இலை மங்கி மஞ்சளித்தால் சிலந்திப்பேனைத் தேடுங்கள். அரை மில்லிமீட்டர் நீளம்கூட வராத உயிர். இலைக்குக் கீழே வெள்ளைத்தாளைப் பிடித்து ஒரு தட்டுத் தட்டினால், விழுந்த தூசியில் சில மட்டும் நகரும். சூடும் வறட்சியும் அதற்குப் பிடிக்கும். 30 டிகிரி வெப்பத்தில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய ஒரு வாரம் அளவே போதும், எனவே ஒரு முறை தெளித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. சிலந்திப்பேன் பூச்சி இனமும் அல்ல, எட்டுக் கால்கள் கொண்டது. பொதுப் பூச்சிக்கொல்லிகள் பல அதை ஒன்றும் செய்யாமல், அதைத் தின்னும் இயற்கை எதிரிகளைக் கொன்றுவிடும். மருந்தடித்த பிறகு சிலந்திப்பேன் பெருகிவிட்டது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இலையின் அடிப்பக்கத்தைக் கழுவுவதும், வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புடன் கலந்து சில நாள் இடைவெளியில் மீண்டும் மீண்டும் தெளிப்பதும் வீட்டளவுக்குப் போதும். உச்சி வெயிலில் தெளித்தால் எண்ணெயே இலையைச் சுட்டுவிடும்.

மிளகாய் வளர்ப்பவர்களுக்கு ஓர் எளிய அடையாளம். இலை மேல்நோக்கிப் படகுபோலச் சுருண்டால் இலைப்பேன் (த்ரிப்ஸ்). ஓரங்கள் கீழ்நோக்கி வளைந்து, காம்பு நீண்டு, இலை குறுகினால் மஞ்சள் சிலந்தி. இந்தச் சிலந்தி வெறும் கண்ணுக்குத் தெரியாது, 20 மடங்காவது பெரிதாக்கும் கைக்கண்ணாடி வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. நனையும் கந்தகத்துக்கு (நீரில் கலக்கித் தெளிக்கும் கந்தகத் தூள்) சிலந்தி அடங்கும். ஆனால் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் கந்தகம் வேண்டாம், எண்ணெய் தெளித்த இரண்டு வாரங்களுக்குள்ளும் வேண்டாம்.

தக்காளியில் இலை சுருண்டவுடன் வைரஸ் என்று அலறுபவர்களும் உண்டு. கடும் வெப்பத்திலும், கிளைகளை அதிகமாகக் கழித்த பிறகும் முதிர்ந்த இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு தடித்துப்போகும். நிறம் மாறாது, கொழுந்து இயல்பாக வளரும். அதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸில் கொழுந்துதான் பாதிக்கப்படும்: புதிய இலைகள் சிறுத்து, ஓரம் மஞ்சளித்து, கிண்ணம்போலக் குவிந்து, செடி குட்டையாக நின்றுவிடும். அதைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் கிடையாது. செடியைப் பையால் மூடிப் பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும், மூடாமல் பிடுங்கினால் ஈக்கள் பக்கத்துச் செடிக்குப் பறந்துவிடும்.

பூசண நோய்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேற்புறத்தில் மாவு தூவியதுபோல இருந்தால் சாம்பல் நோய். அது வருவதற்கு இலை நனைந்திருக்க வேண்டியதில்லை. மேலே நரம்புகளுக்கு இடையே கோணலான மஞ்சள் திட்டுகளும் அடியில் சாம்பல் நிறப் படலமும் இருந்தால் அடிச்சாம்பல் நோய். அதற்கு இலையில் ஈரம் வேண்டும், எனவே மாலையில் இலைமேல் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். தக்காளியின் அடியிலைகளில் வளையத்துக்குள் வளையமாகப் பழுப்புப் புள்ளி தெரிந்தால் இலைக்கருகல். அந்த இலைகளைக் கிள்ளி எறிந்து, மண்மேல் மூடாக்குப் போட்டால் மழைத்துளி கிருமியை மேலே தெறிக்க வைக்காது.

எல்லாவற்றையும் பார்த்தும் விடை கிடைக்காத ஒரு வகை இருக்கிறது. தக்காளி, அவரை போன்றவற்றின் கொழுந்து முறுக்கிக்கொண்டு, நரம்புகள் இணையாக நெருங்கி, இலை பெரணிபோல மெலிந்துவிடும். வைரஸ் என்றே தோன்றும். 2,4-டி போன்ற களைக்கொல்லி காற்றில் வந்து பட்டிருக்கலாம், அல்லது எருவோடு வந்திருக்கலாம். அமினோபைரலிட் என்ற களைக்கொல்லி தெளித்த புல்லை மாடு தின்றாலும், அது சாணத்தில் சிதையாமல் வந்து, மட்கிய எருவிலும் தங்கியிருக்கும். புதிய எருவின் மேல் ஐயம் இருந்தால், பாதி எருவும் பாதி மண்ணும் கலந்த சிறு தொட்டியில் சில அவரை விதைகளையும், எரு இல்லாத மண்ணில் சிலவற்றையும் ஊன்றுங்கள். மூன்று நான்கு இலைகள் விடும்வரை இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சிகிச்சை பலித்ததா என்று பழைய இலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கருகிய ஓரம் மீண்டும் பசுமையாகாது, முற்றிலும் மஞ்சளித்த அடியிலையும் உதிரத்தான் போகிறது. அடுத்து விரியும் இரண்டு மூன்று இலைகள் எப்படி வருகின்றன என்பதே கணக்கு. அதுவரை ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ஒரே நாளில் உரம், மருந்து, புது மண், புது இடம் என்று எல்லாவற்றையும் மாற்றிவிட்டு வருபவருக்கு என்னால் எதையும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.

நிபுணரிடம் படம் அனுப்புவதானால், ஊதா நிற வளர்ப்பு விளக்கின் கீழ் எடுக்காதீர்கள், நிறம் முழுவதும் பொய்யாகிவிடும். பகல் வெளிச்சத்தில் செடி முழுவதும் தெரிய ஒன்று, பாதிக்கப்பட்ட இலையின் மேற்புறம் ஒன்று, அடிப்புறம் ஒன்று, தொட்டியின் அடித்துளையும் மண்ணும் தெரிய ஒன்று எடுங்கள். பக்கத்துச் செடிகளுக்கும் இதே குறை உண்டா என்று எழுதுங்கள். வெவ்வேறு வகைச் செடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி வாடினால் தண்ணீரையோ மண்ணையோ வெயிலையோ பார்ப்போம். ஒரே வகைச் செடியில் தொடங்கி அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பரவினால் பூச்சியையோ கிருமியையோ தேடுவோம். கடைசியாக எப்போது, என்ன, எவ்வளவு ஊற்றினீர்கள் என்பதையும் மறைக்காமல் சேர்த்து அனுப்புங்கள்.