வல்லும்: மதில் அன்று, இருகரைப் பள்ளம்

'வல்லும்' என்ற இலத்தீன் சொல்லைத் தமிழில் 'மதில்' என்று எழுதினால் பொருள் பிறழ்ந்துவிடும். அதன் வேர் 'வல்லுஸ்'. அதாவது கூர்சீவிய மரமுளை; மாடு கட்ட அடிக்கும் முளையைப் போன்றது, அதைவிட நீளமானது. ரோமானியப் படை பாசறை அமைக்கும்போது பள்ளம் தோண்டி, அந்த மண்ணை உள்பக்கம் கரையாகக் குவித்து, மேலே முளைகளை நெருக்கி நட்டது. முளைவேலி ஏறிய அந்தக் கரையே வல்லும். ஆங்கிலத்தின் 'வால்' இதிலிருந்து பிறந்து சுவரைக் குறிக்கலானது. ஜெர்மன் மொழியில் 'வல்' இன்றும் மண்கரைதான். தஞ்சாவூர் வல்லத்தோடு ஒலி மட்டுமே ஒத்துப்போகிறது, உறவு இல்லை.

பெருங்குழப்பம் வட இங்கிலாந்தில். ரோமப் பேரரசர் ஹேட்ரியன் ஆணைப்படி கி.பி. 122-இல் தொடங்கிய ஹேட்ரியன் மதிலுக்குத் தெற்கே, நியூகாசிலிலிருந்து மேற்காக, ஒரு நீண்ட பள்ளம் ஓடுகிறது. 8ஆம் நூற்றாண்டில் பீட் என்ற துறவி இதையும் 'வல்லும்' என்றார், பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் இதில் முளைவேலியே கிடையாது. நடுவே தட்டையான அடி கொண்ட பள்ளம்: அகலம் சுமார் 6 மீட்டர், ஆழம் 3 மீட்டர். இருபுறமும் 9 மீட்டர் வெறுந்தரை விட்டு, 6 மீட்டர் அகலக் கரைகள். மொத்தம் 36 மீட்டர். கோட்டைகள் வரும் இடங்களில் தெற்கே வளைந்து ஒதுங்குகிறது; கோட்டைக்கு இடம் குறித்த பிறகே இதை வெட்டினார்கள் என்பதற்கு அதுவே சான்று. கடக்கும் வழியும் கோட்டைக்கு நேராகவே விடப்பட்டது. நியூகாசிலின் பென்வெல் பகுதியில் அந்த மண்பாலத்தை இன்றும் பார்க்கலாம். படைக்குரிய நிலத்தை வரையறுப்பதே நோக்கம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து, எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

வயல்வெளியில் நிற்பவர் மதிலின் வடக்கே உள்ள அகழியை இதனோடு குழப்பிக்கொள்வதுண்டு. அடியைப் பாருங்கள்: அகழி கீழே குறுகிக் கூம்பும், வல்லும் தட்டையாக விரியும். உழவு கரையைத் தேய்த்துவிட்ட இடங்களில் மாலைச் சாய்வெயிலின் நிழல்தான் காட்டிக்கொடுக்கும். காஃபீல்ட்ஸ் பகுதியில் மதில் பாறை முகட்டில் ஏறிவிட, இது கீழே சரிவில் தனியே தெளிவாகத் தெரிகிறது.

பாசறை வல்லுமுக்கு 'மண்ணரண்' போதும். ஹேட்ரியன் வல்லுமுக்கு 'அகழி' பொருந்தாது. அகழி பகைவர் வரும் பக்கம் இருப்பது, இதுவோ மதிலின் பின்புறம். 'இருகரைப் பள்ளம்' என்பதே சரி.