சாம்பிளிங்: மாதிரியா, எடுத்தாளலா?

ஏற்கெனவே வெளிவந்த ஒரு பாடலின் சிறு பகுதியை, அதன் ஒலிப்பதிவிலிருந்தே வெட்டியெடுத்துப் புதிய பாடலொன்றுக்குள் வைத்து இசைப்பதைச் 'சாம்பிளிங்' என்கிறார்கள். 'சாம்பிள்' என்னும் ஆங்கிலச் சொல், பழைய பிரெஞ்சு வழியாக 'எக்ஸெம்ப்ளும்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு அடியாக நிற்கும் வினைக்கு 'வெளியே எடு' என்பது பொருள். 1979இல் சிட்னியில் ஃபேர்லைட் என்னும் கணினி இசைக்கருவியை உருவாக்கிய பீட்டர் வோகலும் கிம் ரைரியும், புற ஒலியைப் பதிந்து விசைப்பலகையில் வாசிக்கும் வசதிக்கு இச்சொல்லை ஆண்டனர். பிறர் பாடலிலிருந்து எடுப்பதற்கும் பின்னர் அதுவே பெயராயிற்று.

அறிவியல் தமிழில் சாம்பிளுக்கு 'மாதிரி' என்பது நிலைத்துவிட்டது. குருதி மாதிரி, மண் மாதிரி என்பவற்றில் குறையொன்றும் இல்லை. ஆனால் 'அந்தப் பாட்டு மாதிரி' என்றால், அதைப் போன்றது என்றுதான் கேட்பவர் கொள்வார். இங்கே போலச்செய்தல் நிகழவில்லை, அன்று பதிவான அதே ஒலிதான் மீண்டும் கேட்கிறது. பிறர் சொல்லை அவர் சொல்லாகவே எடுத்துத் தம் கருத்துக்குப் பயன்கொள்வதை நாம் 'எடுத்தாளல்' என்கிறோம். மணிமேகலை ஒரு குறளை, 'பொய்யில் புலவன்' உரை என்று சுட்டிக்காட்டியே எடுத்தாள்கிறது. எனவே சாம்பிளிங்கை 'ஒலியெடுத்தாளல்' எனலாம். இலத்தீன் வேரில் உள்ள 'எடு' இதிலும் வந்து அமைவது தற்செயல்தான், ஆயினும் அழகு.

ஈழத்தமிழ்ப் பெற்றோருக்கு இலண்டனில் பிறந்த எம்.ஐ.ஏ. என்னும் மாதங்கி அருள்பிரகாசம் 2007இல் வெளியிட்ட 'பேப்பர் பிளேன்ஸ்' இதற்கு நல்ல சான்று. தி கிளாஷ் என்ற பிரித்தானிய ராக் குழு 1982இல் வெளியிட்ட 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாடலின் கிதார் இசைத்துணுக்கே அதன் அடித்தளம். இயற்றியோர் வரிசையில் அக்குழுவினர் நால்வரின் பெயர்களும் உள்ளன. அந்தக் கிதாரை நீக்கினால் புதிய பாட்டில் என்ன மிஞ்சும் என்று கேட்பவர்களுக்கு, மூலப்பாடலின் பொருளைச் சுட்டுவதே விடையாகும். பிரித்தானியாவில் ஒதுக்கப்பட்ட குடியேறிகளையும், அமெரிக்கப் படைவீரர்கள் வியட்நாமில் விட்டுச்சென்ற குழந்தைகளையும் பாடியது அது. அமெரிக்க விசாவுக்காக அலைக்கழிந்த ஒருவர், குடியேறிகளைப் பற்றிய அச்சத்தை எள்ளி நகையாடும் பாட்டுக்கு அதே ஒலியை எடுத்தாளும்போது, பழைய பாட்டுக்குக் கால் நூற்றாண்டு கழித்து ஒரு மறுமொழி கிடைக்கிறது. வெறும் கவர்ச்சிக்காகச் செய்யப்படும் ஒலியெடுத்தாளலில் இந்த உறவு இருப்பதில்லை.

'பேப்பர் பிளேன்ஸ்' பாடலின் பல்லவி, 1992இல் வந்த 'ரம்ப் ஷேக்கர்' என்ற பாட்டின் மெட்டைத் தழுவியது. ஆனால் அங்கே பழைய பதிவு ஒலிப்பதில்லை. மெட்டை மட்டும் எடுத்துப் புதிதாகப் பாடியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் 'இன்டர்போலேஷன்' எனப்படும் இதை 'மெட்டெடுத்தாளல்' என்று பிரித்துச் சொன்னால் குழப்பம் தீரும். ஒலியெடுத்தாளலுக்குப் பதிவின் உரிமையாளர், பாட்டை இயற்றியவர் ஆகிய இருதரப்பு இசைவும் தேவை. மெட்டெடுத்தாளலுக்கு இயற்றியவரின் இசைவு போதும்.

2008இல் ஜே-சி, டி.ஐ. முதலிய ராப் பாடகர்கள் சேர்ந்து பாடிய 'ஸ்வாகா லைக் அஸ்', 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டிலிருந்து மாதங்கியின் குரலில் ஒரு வரியை வெட்டியெடுத்துப் பல்லவியாக்கிக்கொண்டது.