அவதார்: சொல் விளக்கம்

கணினிக்குள் அமைந்த மெய்நிகர் உலகில் ஒருவர் தனக்கென வைத்துக்கொள்ளும் உருவம்தான் அவதார். அங்கே நடப்பது, உட்காருவது, பேசுவது எல்லாமே அந்த உருவத்தின் வழியாகத்தான்.

செகண்ட் லைஃப் என்ற உலகத்தையே எடுத்துக்கொள்வோம். லிண்டன் லேப் என்ற அமெரிக்க நிறுவனம் 2003 ஜூனில் இதைத் திறந்தது. முடிக்கவேண்டிய கட்டமோ எடுக்கவேண்டிய புள்ளியோ இங்கே கிடையாது. ஒரு விடுமுறை நாள் முழுவதும் சும்மா ஊர் சுற்றலாம். நிலம் 256 மீட்டருக்கு 256 மீட்டர் சதுரங்களாகப் பிரிந்திருக்கிறது. அதன் மேல் இருக்கும் வீடு, கடற்கரை, நடன அரங்கம் எல்லாம் பெரும்பாலும் பயனர்களே கட்டியவை. நடக்கலாம், பறக்கலாம், டெலிபோர்ட் செய்து நொடியில் வேறு தீவில் இறங்கலாம். வழக்கமான அமைப்பில் அங்கே ஒரு நாள் என்பது 4 மணி நேரம்: 3 மணி பகல், 1 மணி இரவு. ஒரே மாலையில் அங்கே பொழுது விடிந்து சாய்வதைப் பார்த்துவிடலாம்.

தட்டச்சு செய்யும் பேச்சு 20 மீட்டருக்குள் இருப்பவர்களுக்குத்தான் எட்டும், கத்தினால் 100 மீட்டர். ஒருவரோடு பேச வேண்டுமானால் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். நாம் தட்டச்சு செய்யும்போது நம் உருவமும் கைகளைத் தூக்கிக் காற்றில் தட்டும். நெடுநேரம் நாம் எதையும் தொடாமல் இருந்தால் அதன் தலை தொங்கிவிடும். அதைப் பார்த்ததுமே ஆள் எழுந்து போய்விட்டார் என்று பக்கத்தில் இருப்பவர் புரிந்துகொள்வார். சமூக வலைதளத்தில் வைக்கும் சின்னப் படத்தையும் அவதார் என்கிறார்கள். என்னைக் கேட்டால் அதற்கு முகப்புப் படம் என்பதே போதும். இடத்தை அடைத்துக்கொண்டு ஒருவர் எதிரே நிற்பதுதான் அவதார்.

சொல்லின் வேர் வடமொழி. 'அவ' என்றால் கீழே, 'த்ரு' என்றால் கடந்து வருதல். மேலிருந்து கீழே இறங்கி வருவது அவதாரம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்து சமயத்தைப் பற்றி எழுதியவர்கள் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. கணினித் திரைக்கு அது வந்தது 1980களில். லூக்காஸ்ஃபிலிம் கேம்ஸுக்காக சிப் மார்னிங்ஸ்டாரும் ராண்டி ஃபார்மரும் காமடோர் 64 கணினியில் உருவாக்கிய 'ஹேபிடாட்' உலகில், பயனரின் உருவத்துக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். 1992இல் நீல் ஸ்டீபன்சனின் 'ஸ்னோ கிராஷ்' நாவல் அதைப் பரவலாக்கியது. அப்புறம் 'அம்' விகுதியை இழந்து, அவதார் என்று நம்மிடமே திரும்பி வந்தது.

சரி, கணினி உருவத்துக்குத் தமிழில் 'அவதாரம்' என்ற பழைய சொல்லையே வைத்துக்கொண்டால் என்ன? வேண்டாம் என்பது என் கருத்து. அவதாரத்தில் இறைவனே வருகிறான், மேலே வேறொருவன் உட்கார்ந்து இயக்குவதில்லை. இங்கே ஆள் நாற்காலியில் இருக்கிறார், உருவம் தீவில் திரிகிறது. தனித்தமிழில் அவதாரத்துக்கு வழங்கும் 'தோற்றரவு' என்ற சொல்லுக்கும் இதே சிக்கல்தான். 'சாயல்' ஒத்துவராது, ஏனென்றால் உருவம் நம்மைப் போல இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. நரியாகவும் வரலாம், இயந்திரமாகவும் வரலாம். 'பதிலி' என்றால் நமக்குப் பதிலாக வேறொருவர் போனதுபோல் ஆகிவிடுகிறது. பேசுவது நாம்தானே!

நான் பரிந்துரைப்பது 'நிகருரு'. மெய்நிகர் என்ற சொல் ஏற்கெனவே நன்றாகப் பழகிவிட்டது. மெய் என்பது உண்மை மட்டுமல்ல, உடம்பும்தான். அந்த மெய்க்கு நிகராக அங்கே நிற்கும் உரு நிகருரு. வேற்றுமை உருபும் பன்மை விகுதியும் இடறாமல் ஏறுகின்றன: "என் நிகருருவுக்குப் புதுச் சட்டை வாங்கினேன்", "கடற்கரையில் நான்கைந்து நிகருருக்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தன". உருவத்தை விட்டு ஆளைச் சொல்லும்போது மட்டும் "பேசிக்கொண்டிருந்தார்கள்" என்று உயர்திணையில் எழுத வேண்டும்.