முப்பது விநாடிக் கடன்

கபடியில் பாடிச் செல்பவருக்குக் கிடைப்பது 30 விநாடி. அதில் முதல் பாதி நோட்டம் பார்ப்பதிலேயே போய்விடும். பிறகு ஒரு பாய்ச்சல், ஒரு பிடி, கோட்டை நோக்கி ஓர் இழுபறி. தப்பி வந்தவர் முழங்கால்களில் கையூன்றிக் குனிந்து மூச்சு வாங்குகிறார். ஆட்டம் ஓய்ந்துவிட்டது, மூச்சிரைப்பு மட்டும் ஏன் ஓயவில்லை?

தசை சுருங்குவதற்கு ஏடிபி என்ற மூலக்கூறு வேண்டும். முழு வேகத்தில் செலவழித்தால் தசையில் உள்ள கையிருப்பு இரண்டு மூன்று விநாடிக்குத்தான் காணும். ஆனாலும் பாய்ச்சல் பாதியில் நின்றுவிடுவதில்லை. பக்கத்திலேயே கிரியேட்டின் பாஸ்பேட் என்ற வேதிப்பொருள் காத்திருக்கிறது. ஏடிபி இழந்த பாஸ்பேட்டை அது உடனே கொடுத்து ஈடுகட்டுகிறது. அண்டை வீட்டில் வாங்கும் கைமாற்றைப் போன்றது இது. கேட்டதும் கிடைக்கும், பெரிய தொகை கிடைக்காது. சுமார் பத்து விநாடியில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். 2009இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் கடந்த உசைன் போல்ட்டுக்கும் கடைசி 20 மீட்டரில் வேகம் சற்றுக் குறைந்தது. அதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்குமேல் போராட வேண்டுமென்றால், தசை தன் சர்க்கரைச் சேமிப்பில் கைவைக்கிறது. ஆக்சிஜனுக்குக் காத்திராமல் ஒரு குளுக்கோஸை உடைத்தால் கிடைப்பது 2 ஏடிபி. அதையே ஆக்சிஜனோடு நிதானமாக முழுவதும் எரித்தால் சுமார் 30 கிடைக்கும். வேகத்துக்காக உடல் சிக்கனத்தைக் கைவிடுகிறது; மிஞ்சுவது லாக்டேட் என்ற வேதிப்பொருள்.

மறுநாள் வரும் தசைவலிக்கு இந்த லாக்டேட்டைக் குற்றம் சொல்வது அநியாயம். அது ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் இரத்தத்திலிருந்து அகன்றுவிடும். கழிவும் அல்ல; இதயமே அதை விரும்பி எரிக்கிறது. ஒரு பகுதி கல்லீரலுக்குப் போய் மறுபடியும் குளுக்கோஸாகிறது. கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதியர் கண்டறிந்த சுழற்சி இது. தசை 2 ஏடிபி ஈட்டிய அந்தக் குளுக்கோஸை மீட்டெடுக்கக் கல்லீரல் 6 ஏடிபிக்கு ஈடான ஆற்றலைச் செலவிடுகிறது. வாங்கியது இரண்டு, கட்டுவது ஆறு.

ஆட்டம் முடிந்தபின்னும் கூடுதல் ஆக்சிஜன் கேட்கும் இந்தப் பின்செலவுக்கு 1920களில் ஆங்கிலேய உடலியலாளர் ஏ.வி. ஹில் 'ஆக்சிஜன் கடன்' என்று பெயரிட்டார். லாக்டேட் மட்டுமே அந்தக் கடன் அல்ல என்பது பின்னாளில் தெரியவந்தது. கிரியேட்டின் பாஸ்பேட்டை மீண்டும் நிரப்ப வேண்டும். ஏறிய உடல்வெப்பமும் இதயத்துடிப்பும் தணியும்வரை செலவு நீளும். குனிந்து நிற்பவரின் மூச்சிரைப்பு இத்தனையையும் சேர்த்துக் கட்டும் தவணை.

இதை வைத்துத்தான் 'சில நிமிடம் தீவிரப் பயிற்சி செய்தால் நாள் முழுவதும் கொழுப்பு எரியும்' என்று பயிற்சித் திட்டங்களை விற்கிறார்கள். நம்பி ஏமாற வேண்டாம். ஆய்வுகளில் பொதுவாகக் காணப்படும் பின்செலவு, பயிற்சியின்போது செலவான ஆற்றலில் 6 முதல் 15 சதவீதம்தான். 200 கலோரி செலவிட்டவருக்குப் பிறகு கூடுதலாக எரிவது 12 முதல் 30 கலோரி. ஒரு இட்லிக்குக்கூட ஈடாகாது.

உண்மையான ஆதாயம் வேறிடத்தில் இருக்கிறது. எடை பார்க்கும் கருவியில் அது தெரியாது. ஏடிபி வேகமாகத் தீரும்போது ஏஎம்பி என்ற எஞ்சிய மூலக்கூறு பெருகுகிறது. அதை உணரும் ஒரு நொதி, ஆற்றல் தட்டுப்பாடு என்று செல்லுக்கு எச்சரிக்கை கொடுக்கிறது. இப்படிப் பலமுறை எச்சரிக்கப்பட்ட தசை, ஆக்சிஜனைக் கொண்டு எரிபொருளை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கிக்கொள்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிபாலாவின் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. 2016இல் வெளியான ஆய்வில், உடற்பயிற்சிப் பழக்கமில்லாத ஆண்களில் ஒரு பிரிவினர் 20 விநாடி வீதம் மூன்று முறை சைக்கிளை முழு மூச்சாக மிதித்தார்கள். தொடக்கத்திலும் முடிவிலும் மெதுவாக மிதிப்பதும் இடையிலான இளைப்பாறலும் சேர்த்துப் பத்தே நிமிடம். மற்றொரு பிரிவினர் 45 நிமிடம் நிதானமாக மிதித்தார்கள். வாரம் மூன்று நாள், 12 வாரம். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத்திறன் இரு பிரிவினருக்கும் சுமார் 19 சதவீதம் உயர்ந்தது. எனக்கு இன்றும் வியப்பளிக்கும் முடிவு இது. ஆனால் 'முழு மூச்சாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். இதயக் கோளாறோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக்கூடாது.

மைட்டோகாண்ட்ரியா பெருகினால் கபடி வீரருக்கு என்ன பயன்? கைமாற்றாக வாங்கிய கிரியேட்டின் பாஸ்பேட்டைத் திருப்பி நிரப்புவதும் அவற்றின் வேலைதான். முதல் அரை நிமிடத்தில் ஏறக்குறைய பாதி நிரம்பிவிடும். முழுவதும் நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். எதிரணி பாடி முடிக்கும் 30 விநாடிதான் அவருக்கு இடைவெளி. அதிலும் அவர் சும்மா நிற்பதில்லை, சங்கிலி கோத்து மடக்கப் பார்க்கிறார். பிறகு பாதி நிரம்பிய தசையோடு மீண்டும் கோட்டைத் தாண்டுகிறார்.