பைத்தான் தூக்கி எறியாத குறிப்பு

நிரலின் நடுவே ஹேஷ் குறி (#) போட்டு மனிதர் படிப்பதற்காக எழுதும் கமெண்டுகளைப் பைத்தான் என்ற நிரல்மொழி பொருட்படுத்துவதில்லை. நிரல் ஓடத் தொடங்கும்போது அவை காணாமல் போயிருக்கும். ஆனால் ஒரு செயற்கூறின் (பெயரிட்டு அழைக்கும் நிரல்பகுதி, ஃபங்ஷன்) தலைப்பு வரிக்கு அடுத்து, முதல் கூற்றாகவே ஒரு சரத்தை (மேற்கோள் குறிகளுக்குள் வரும் உரை) எழுதிப் பாருங்கள். மதிப்பைச் சேமித்துவைக்கும் எந்த மாறியிலும் சேராமல் சும்மா கிடக்கும் அந்த வரியைப் பைத்தான் எடுத்து, செயற்கூறோடு ஒட்டிவைத்துக்கொள்கிறது. அதற்கு டாக்ஸ்ட்ரிங் என்று பெயர். ஹெல்ப் என்ற கட்டளையைக் கொடுத்தால், ஓடிக்கொண்டிருக்கும் நிரலே அதைப் படித்துக் காட்டும்.

இந்த எண்ணம் லிஸ்ப் என்ற பழைய நிரல்மொழியின் மரபில் முன்பே இருந்தது. ஜாவா மொழி வேறு வழியில் போனது. அங்கே விளக்கம் கமெண்டாகவே எழுதப்படுகிறது. நிரலைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றும் கம்பைலர் அதைத் தாண்டிப் போய்விட, ஜாவாடாக் என்ற தனிக் கருவி மூல நிரலைப் படித்து அதிலிருந்து கையேடு தயாரிக்கிறது.

டாக்ஸ்ட்ரிங் எழுதும் முறையை 2001இல் டேவிட் குட்ஜரும் பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசமும் பெப் 257 (பெப் என்பது பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு) என்ற ஆவணமாக வகுத்தார்கள். ஒரே வரியானாலும் மூன்று இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் எழுத வேண்டும். பிறகு விளக்கத்தை நீட்டுவது எளிது. முதல் வரி சுருக்கம். அதன்பின் ஒரு வெற்று வரி, பிறகு விரிவு. அந்த வெற்று வரி அழகுக்காக வந்ததல்ல. அட்டவணை தயாரிக்கும் கருவிகள் முதல் வரியை மட்டும் தனியே எடுத்துக்கொள்ளும். சுருக்கம் இரண்டாம் வரிக்கு வழிந்தால் அட்டவணையில் பாதி வாக்கியம் தொங்கும்.

சுருக்கம் ஏவலாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. ‘பரப்பளவைக் கணக்கிடுகிறது’ என்று எழுதாமல் ‘பரப்பளவைக் கணக்கிடு’ என்று எழுத வேண்டும். இதற்காகச் சண்டை போடுபவர்கள் உண்டு. எனக்கு எதுவானாலும் சம்மதம், நிரல் முழுவதும் ஒரே மாதிரி இருந்தால் போதும்.

இடம் தவறினால்தான் சிக்கல். சரத்துக்கு மேலே மாறியில் மதிப்பிருத்தும் ஒரே ஒரு வரி வந்துவிட்டாலும் அது டாக்ஸ்ட்ரிங் ஆகாது. பிழைச்செய்தியும் வராது, எழுதியவர் விளக்கம் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருப்பார். மாறிகளின் மதிப்பை உள்ளே நிரப்பும் எஃப்-சரத்துக்கும் இதே கதிதான்.

விளக்கம் பொய்யாகிப்போவது இதைவிடப் பெரிய தொல்லை. நிரலைத் திருத்துபவர் மேலே உள்ள விளக்கத்தைத் திருத்த மறந்துவிடுகிறார். இதற்குப் பைத்தானில் ஒரு மருந்து இருக்கிறது: டாக்டெஸ்ட். டாக்ஸ்ட்ரிங்கின் உள்ளே, மூன்று ‘பெரியது’ குறிகளுக்குப் பின் ஒரு கட்டளையையும் அடுத்த வரியில் அதன் விடையையும் எழுதிவைத்தால், டாக்டெஸ்ட் அந்தக் கட்டளையை உண்மையிலேயே ஓட்டி விடையை ஒப்பிடுகிறது. எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால் தோல்வி என்று அறிவிக்கும். விளக்கம் நிரலுக்குள் உயிரோடு இருப்பதன் முழுப் பயன் இங்கேதான் தெரிகிறது.

கட்டளை வரியில் இயங்கும் சிறு நிரல்களை எழுதுபவர்கள் கோப்பின் தலையிலுள்ள டாக்ஸ்ட்ரிங்கையே உதவிச் செய்தியாக அச்சிடுவதுண்டு; பெப் 257உம் அதை ஆதரிக்கிறது. ஆனால் இரண்டு ‘ஓ’ எழுத்துகள் கொண்ட சிக்கன விருப்பத்தேர்வோடு (-OO) பைத்தானை இயக்கினால் எல்லா டாக்ஸ்ட்ரிங்குகளும் கழற்றப்பட்டுவிடும். அப்போது உதவி கேட்பவருக்குத் திரையில் ‘நன்’ (None) என்ற ஒற்றைச் சொல்தான் வரும். பைத்தானில் அதற்கு ‘ஒன்றுமில்லை’ என்று பொருள்.