பிலீஃப், ஃபெய்த்: இரண்டும் ‘நம்பிக்கை’தானா?

‘கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறேன்’ என்பதும் ‘கடவுளை நம்பியிருக்கிறேன்’ என்பதும் ஒன்றல்ல. முன்னது ஒரு செய்தியை உண்மையென ஏற்பது, ஆங்கிலத்தில் பிலீஃப். பின்னது ஒருவரிடம் தன்னை ஒப்படைப்பது, ஃபெய்த். சான்று மாறினால் பிலீஃப் மாறலாம், மாறவும் வேண்டும். ஃபெய்த்தோ ஐயத்தின் நடுவிலும் கைவிடாமல் நிற்பது.

ஃபெய்த், லத்தீனின் ‘ஃபிடேஸ்’ என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. வாக்குத் தவறாமை, நம்பகம் என்பன அதன் பொருள். பிலீஃப் ஜெர்மானியச் சொல்; ‘அன்புக்குரிய’ என்று பொருள்படும் ஜெர்மன் ‘லீப்’ அதற்கு உறவு. ஆக, இன்று அறிவின் பக்கம் வைக்கப்படும் அந்தச் சொல்லும் நெஞ்சிலிருந்து புறப்பட்டதுதான்.

நம் சொல்லின் வரலாறும் அப்படியே என்பது எனக்குப் பெரும் வியப்பு. ‘நம்பும் மேவும் நசையாகும்மே’ என்கிறது தொல்காப்பிய உரியியல். நசை என்றால் விருப்பம். நம்புதல் முதலில் விரும்புதலாக இருந்திருக்கிறது! ஆராய்ந்து ஒருவரை நம்புவதற்கு வள்ளுவர் ஆண்ட சொல் வேறு: தெளிதல். ‘தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்’ (510). ஆராயாமல் நம்புவதும், நம்பிய பின் ஐயுறுவதும் ஒருங்கே துன்பம் என்கிறார். ஃபெய்த்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. ஆனால் ‘தெளிவு’ இன்று விளக்கம் என்ற பொருளுக்குப் போய்விட்டது.

குழப்பம் முற்றுவது விவிலியத் தமிழில். பழைய மொழிபெயர்ப்பில் ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு’ என்ற மூன்றில் விசுவாசமே ஃபெய்த். நம்பிக்கை, வரப்போவதை எதிர்பார்க்கும் ‘ஹோப்’. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அதே இடம் ‘நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு’ என்றாகிறது. ஒரே சொல் ஒரு பதிப்பில் ஹோப், மற்றொன்றில் ஃபெய்த்.

விசுவாசம் வடசொல். எனினும் ‘விசுவாசமான ஊழியர்’ என்று சொல்லும்போது லத்தீன் ஃபிடேஸின் உண்மைத்தன்மை அதில் அப்படியே ஒலிக்கிறது. தனித்தமிழ் வேண்டுவோருக்குப் ‘பற்றுறுதி’ ஏற்றது. பற்றும் இருக்கிறது, உறுதியும் இருக்கிறது. பிலீஃபுக்கு ‘நம்பிக்கை’ போதும். மூடநம்பிக்கை என்ற சொல்லில் அது ஏற்கெனவே அந்தப் பொருளில்தான் வழங்குகிறது. நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் வருவது இவ்விரண்டும் அல்ல, ‘கான்ஃபிடன்ஸ்’; அதுவும் ஃபிடேஸுக்கு உறவான லத்தீன் சொல்லின் வழிவந்ததே.